ஒரு ‘ம்’மும் நானூறு ஆடுகளும்

இந்தக் கண்ணாடிப் பெட்டி உன் முழங்கையில் குத்துகிறதா தாயி? சொல்லிவிடு, இந்தப் பக்கம் மாற்றிக்கொள்கிறேன். மேலே கம்பித் தட்டில் வைக்கச் சொன்னார் கண்டக்டர். வைக்க மனசு வரவில்லை. நினைவுப் பரிசு. எனக்குக் கொடுத்தது. மேடையில் ஏற்றி, பொன்னாடை போர்த்தி, ஜனங்கள் கை தட்டக் கொடுத்தது. உள்ளே என்ன இருக்கிறது பார். மான். ஆடு வைத்த பெட்டியைத்தான் தேடினார்களாம், மதுரையில் எந்தக் கடையிலும் இல்லையாம். அதனால் என்ன, மானும் ஆடு மாதிரிதான், கொம்பு கொஞ்சம் கூடுதல்.

நான் அதிகம் பேசுகிற ஆளில்லை. இன்றைக்கு என்னவோ வாய் நிற்க மாட்டேன் என்கிறது. காலையிலிருந்து ஒரு டம்ளர் காப்பிதான், ஆனாலும் பசிக்கவில்லை. சிரிப்பு சிரிப்பாக வருகிறது. உனக்கு எந்த ஊர் தாயி? ஓகோ, சிவகங்கையேவா. நல்லது, எனக்கும் அங்கே இறங்கி வேறு பஸ். கொன்னையேந்தல். என் பெயர் அமலோற்பவம்.

காலையில் இதே ரோட்டில் மதுரைக்குப் போகும்போது நான் எப்படிப் போனேன் தெரியுமா? அழுதுகொண்டு போனேன். திரும்பி வருவது பெட்டி கட்டத்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். சின்னவன் பெனடிக்ட் திருப்பூரில் இருக்கிறான், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவனிடம் போய்விடுவதா, என் வீட்டிலேயே இருப்பதா, இதுதான் பிரச்சினை. தங்கமான பிள்ளை, குறை சொல்லக் கூடாது. ஆனால் அவனுடையது லைன் வீடு. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். கையை நீட்டினால் அந்த வீட்டு அம்மா கையில் கரண்டியைக் கொடுத்துவிடலாம். அங்கே நான் என்ன செய்வேன்? எனக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது, அந்தோணியார் கோவில் சாவி என்னிடம்தான் இருக்கிறது, மூன்று கோழி இருக்கிறது.

அவன் கூப்பிடுவதற்குக் காரணம் என்னவென்றால், எனக்கு மறதி வந்துவிட்டதாம். எனக்கு! அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜெபமாலைக்குப் போய்விட்டேன், ஒரே ஒரு தடவை. பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். இது யாருக்கு நடக்காது? அப்புறம் கோவில் சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். அது கதவின் குற்றம். இதையெல்லாம் யாரோ போன் போட்டு அவனிடம் சொல்லி, அவன் என்னிடம் கண்டிஷனாகச் சொன்னான்: “அம்மா, இனி ஒரு தடவை மறதின்னு என் காதுல விழுந்துச்சு, பெட்டியைக் கட்டிட்டு நீ திருப்பூர்தான். பேச்சே கிடையாது.”

சரிடா என்றேன். மறந்தால்தானே?

இதெல்லாம் நடந்தபோதுதான் அந்த இன்ஜினியர் பிள்ளைகள் ஊருக்கு வந்தார்கள். வைதேகி என்று ஒரு பெண், முப்பது வயதிருக்கும், தொப்பி போட்டுக்கொண்டு. கூட இம்தியாஸோ இல்லியாஸோ ஒரு பையன், வயது அவ்வளவுதான். சனி ஞாயிறு மட்டும் வருவார்கள். முக்காலியை நட்டுவைத்து ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்ப்பார்கள், எழுதிக்கொள்வார்கள். மழைத் தண்ணீர் ஓடி வீணாகாமல் குட்டை வெட்டித் தருகிறோம் என்றார்கள். சம்பளம் யார் கொடுக்கிறது என்று கேட்டேன். “சம்பளம் இல்லம்மா, நாங்களா வர்றோம்” என்றார்கள்.

பாவம் தாயி! படித்த பிள்ளைகள், ஒரு வேலை கிடைக்காமல், சம்பளம் இல்லாமல் வெயிலில் அலைகிறார்களே! அன்றையிலிருந்து வாராவாரம் ஆளுக்கு ஆறு முட்டை கட்டிக் கொடுத்துவிடுவேன். பெனடிக்டிடம் சொல்லி, அந்தப் பையனுக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்து வைக்கச் சொன்னேன். வைதேகியிடம் மெதுவாகக் கேட்டதற்கு, “அம்மா, நான் பாலம் கட்டுற கம்பெனியில இருக்கேன்மா, வேலையெல்லாம் இருக்கு” என்றாள். மானமுள்ள பெண். அப்படித்தான் சொல்லும். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. இன்றுவரை இரண்டு பேரையும் ஜெபத்தில் வைத்திருக்கிறேன்.

எங்கே விட்டேன்? குட்டை.

ஊரிலே தாழ்ந்த இடம் என் நிலத்தின் கீழ் மூலை. மழை பெய்தால் அத்தனை பேர் வயல் தண்ணீரும் அங்கே வந்துதான் நின்று, பிறகு ஓடையில் போய்விடும். அந்த மூலையைக் கொடுத்தால் என் நிலத்தோடு சேர்த்து ஐந்து பேருக்குத் தண்ணீர் பாய்ச்சலாம் என்றார்கள். ஜெபம் பண்ணிவிட்டுக் கொடுத்தேன். சித்திரையில் ஜேசிபி வந்து வெட்டியது. ஒரு ஆள் ஆழம், மேலும் ஒரு முழம். வைகாசியில் ஒரு கோடை மழை, முழங்கால் தண்ணீர் நின்றது. நாங்கள் எல்லாம் போய்க் குலவை போட்டோம். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. சரளை மண், குடித்துவிட்டது.

வைதேகி முகம் சுண்டிப்போனது. களிமண் அடித்து இறுக்க வேண்டும் என்றாள். கண்மாயிலிருந்து இருபது டிராக்டர் களிமண் வந்தது, குட்டைக்குள் பரப்பினார்கள். இறுக்குவதற்கு ரோலர் வேண்டும், ரோலரோ அந்தச் சரிவில் இறங்காது. கடைசியில் பெரிய பிளாஸ்டிக் தாள் வாங்கி விரிப்பது என்று முடிவு செய்து, அதற்கு ஆள் பிடிக்க மதுரைக்குப் போனார்கள். போனவர்கள் மூன்று வாரம் வரவில்லை.

இப்போதுதான் சங்கதியே. கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ந்து கேள், மற்றவர்கள் காதில் விழ வேண்டாம். விழுந்தாலும் பரவாயில்லை, மைக்கிலேயே சொல்லியாச்சு.

ஆடி மாதம், வெள்ளிக்கிழமை, நாலு மணி இருக்கும். முறத்தில் உளுந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் ஒரே புழுதி. பார்த்தால் சேதுக்கோனார், பின்னால் ஆடு. ஆடு என்றால் கொஞ்ச நஞ்சமா, ரோடு தெரியவில்லை.

“அக்கா, வந்தாச்சு. எங்க போட?” என்றார்.

“என்னத்தைப் போட?”

“என்னத்தைப் போடவா? கிடையைத்தான். தை மாசம் வெத்தலை பாக்கு வச்சு, ரெண்டு மரக்கா நெல்லு அளந்து, ஆடியில என் கீழ் மூலைக்கு ஒம்போது நாள் கிடை போடு கோனாரேன்னு சொன்னது யாரு? எங்க பாட்டியா?”

சொன்னது நான்தான். ஆடுகளை வயலில் அடைத்துப் போட்டால் புழுக்கையும் மூத்திரமும் உரம், எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். தை மாதம் சொன்னேன். சித்திரையில் அந்த மூலையைக் குட்டைக்குக் கொடுத்தேன். கோனாருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது மட்டும், சுத்தமாக, துடைத்துப்போட்ட மாதிரி...

வேறு இடம் காட்டலாம் என்றால் மேல் பக்கம் பூராவும் கம்பு விதைத்து முளைத்து நிற்கிறது. திருப்பி அனுப்பலாம் என்றால், வெற்றிலை கொடுத்துச் சொன்ன கிடையைத் திருப்பி அனுப்பினால் ஆட்டுப் பட்டிக்கு ஆகாது என்பார்கள். நான் அந்தோணியார் பிள்ளை, இதையெல்லாம் நம்பக் கூடாது. ஆனால் நானூற்று இருபது ஆடு வரிசையாக நின்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் நீ என்ன செய்வாய் தாயி? நான் கையை நீட்டிக் குட்டையைக் காட்டினேன்.

கோனார் எட்டிப் பார்த்தார். “ஏக்கா, வயலுக்குக் கூப்பிட்டுட்டுக் கிடங்கைக் காட்டுறே? நான் கிடை போட வந்தேனா, ஆட்டைப் புதைக்க வந்தேனா?”

“உள்ள எறக்கும் கோனாரே. தாழ்வான இடம்தான், காத்து அடிக்காது” என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஏதோ நல்ல காரணம் போலத்தான் இருந்தது.

ஒன்பது நாள். நடுவில் மூன்று நாள் சாரல். களிமண் நனைய, ஆடு மிதிக்க, புழுக்கை சேர, மறுபடியும் மிதிக்க. சரிவில் ஏறும், இறங்கும், ஒன்றை ஒன்று முட்டும். நான் தினம் கரையில் நின்று அந்தோணியாரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: ஐயா, கிடை முடியும்வரைக்கும் அந்தப் பிள்ளைகள் வரக் கூடாது.

கேட்டபடி நடந்தது, ஒரு நாள் குறைவாக. ஒன்பதாம் நாள் சனிக்கிழமை வைதேகியும் அந்தப் பையனும் வந்துவிட்டார்கள். அது போதாதென்று அதே பஸ்ஸில் பெனடிக்டும் வந்து இறங்குகிறான், ஆடி மாதம் கம்பெனியில் வேலை குறைவு என்று.

வைதேகி கரையில் ஏறி நின்று பார்த்தாள். “ஐயையோ! அம்மா, என்னம்மா இது!” என்று தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தாள். இருபது டிராக்டர் மண். சரிவு பூராவும் குளம்பு. அழுதுவிடுவாள் போலிருந்தது. பெனடிக்ட் என்னைப் பார்க்கிறான். எனக்கு அந்தப் பார்வை தெரியும். மறதி என்று அவன் வாய்க்குள் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறான்.

அப்போது அந்தப் பெண் உள்ளே இறங்கினாள். குதிகாலால் ஓங்கி ஒரு உதை. கால் பதியவில்லை. இன்னொரு இடத்தில் உதைத்தாள். பிறகு அந்த இம்தியாஸ் தம்பி ஒரு சிறிய குழி தோண்டினான், அதுவே கடப்பாரைக்குத்தான் மசிந்தது. அதில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, கோடு கிழித்து வைத்துவிட்டு, இரண்டு பேரும் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு மணி நேரம். நாங்களும் உட்கார்ந்தோம். ஆடுகளும் பார்த்துக்கொண்டிருந்தன. தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை.

வைதேகி மேலே ஏறி வந்தாள். முகமெல்லாம் புழுதி, கண் மட்டும் மின்னுகிறது. “அம்மா! ஆட்டுக்கால் மாதிரி முள்ளு வச்ச ரோலருன்னே ஒண்ணு இருக்கும்மா, அதைத்தான் இந்தச் சரிவுல எறக்க முடியல. நீங்க ஆட்டையே எறக்கிட்டீங்க! இது உங்க யோசனைதானே?”

பெனடிக்ட் பார்க்கிறான். கோனார் பார்க்கிறார்.

நான், “ம்” என்றேன்.

அவ்வளவுதான் தாயி. வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ‘ம்’. கோனார் பெரிய மனுஷர், தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அந்த ‘ம்’ எங்கே போய் நின்றது என்று கேள். பிளாஸ்டிக் தாள் வேண்டாம் என்று வைதேகி அங்கேயே போன் போட்டுவிட்டாள். எனக்குப் பகீர் என்றது. இனி குட்டை ஒழுகினால் பழி அந்த ‘ம்’முக்குத்தான். புரட்டாசிக் கடைசியில் மழை வந்தது பார், வானம் பொத்துக்கொண்டு! குட்டை முக்கால்வாசி நிறைந்தது. தினம் காலையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து எழுதச் சொல்லி, அடியும் அங்குலமும் போட்ட கம்பு ஒன்றை உள்ளே நட்டு, ஒரு நோட்டும் கொடுத்தார்கள். நான் அஞ்சாங்கிளாஸ். எழுத வரும், ஆனால் மூக்குக்கண்ணாடி உடைந்து கிடந்தது. ஜெபமாலை மாதம் வேறு, மாலை எப்போதும் கையில். ஆகையால் தினமும் காலையில் கம்பைப் பார்ப்பேன், ஜெபமாலையில் ஒரு மணியைப் பிடிப்பேன், அன்றைய அளவைச் சொல்லி ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம். மறுநாள் முதல் மணியிலிருந்து எல்லா அளவையும் சொல்லிக்கொண்டு வந்து புது மணி. நாற்பத்தோரு நாள், நாற்பத்தோரு மணி. தண்ணீர் ஆவியாகிற அளவுக்குத்தான் குறைந்தது. நின்றது தாயி! வாத்து வந்து இறங்கியது. ஐந்து வீட்டுக் கம்பும் மிளகாயும் பச்சென்று நிற்கிறது. கரையில் நடந்தாலே எனக்குக் கால் தரையில் படாது.

அப்புறம் வந்தது நோட்டீசு. மதுரையில் ஒரு காலேஜில் கூட்டம், குட்டை வெட்டுகிற பிள்ளைகள் எல்லாம் பல ஊரிலிருந்தும் வருகிறார்கள். ‘மரபு அறிவால் குட்டையைக் காத்த அமலோற்பவம் அம்மாள் ஐந்து நிமிடம் பேசுவார்கள்.’ ஐந்து நிமிடம்! அவ்வளவு நேரத்துக்கு நான் பேச்சுக்கு எங்கே போவேன்? பெனடிக்ட் அந்த நோட்டீசைக் கம்பெனி சுவரில் ஒட்டி, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டி, அன்றைக்கு லீவும் போட்டுவிட்டான். முதல் வரிசையில் உட்காருவானாம்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. கோவிலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தில் பங்குச்சாமியாரிடம் கேட்டேன்: “சாமி, ‘ம்’முன்னு சொல்றது பொய்யா?” எல்லாவற்றையும் சொன்னேன்.  திரைக்கு அந்தப் பக்கம் இருமுகிற மாதிரி ஒரு சத்தம். “அம்மா, ‘ம்’மு சின்னதுதான். ஆனா மேடையில ஏறுனா உண்மையைச் சொல்லிருங்க” என்றார். சொன்னால் பெனடிக்ட் காதில் மறதி விழும். விழுந்தால் திருப்பூர். சொல்லாவிட்டால் அந்தோணியார் முகத்தில் எப்படி முழிப்பது? இதற்குத்தான் காலையில் பூவந்தி வரைக்கும் அழுதேன்.

மேடையில் மைக்கைக் கையில் கொடுத்தார்கள். முன்னால் பார்த்தால் பெனடிக்ட், புதுச் சட்டை, தலை படியச் சீவி, போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறான். சின்ன வயதில் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அவன் ஆட்டிடையனாக வந்து நின்றபோது நான் இப்படித்தான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சிலுவை போட்டுக்கொண்டு சொல்லிவிட்டேன்.

“ஐயாமாரே, அம்மாமாரே, இது என் அறிவில்லை. கிடை சொன்னதை நான் மறந்துபோனேன். ஆடு வந்து நின்னுருச்சு. வேற எடமில்லாம குட்டையைக் காட்டுனேன். அந்தப் பொண்ணு கேட்டப்ப, எம் மகன் பக்கத்துல நின்னதால ‘ம்’முன்னுட்டேன். மன்னிச்சிருங்க.”

 எங்கேயோ பின்னால் ஒருவர் சிரித்தார், அப்புறம் மொத்தக் கூட்டமும். சிரித்துக்கொண்டே எழுந்து நின்று கை தட்டுகிறார்கள்! வைதேகி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு மைக்கில் சொல்கிறாள்: “பாத்தீங்களா, எவ்வளவு அடக்கம்! பெருமையை வாங்கிக்கவே மாட்டேங்கறாங்க!”

“அடக்கமில்ல தாயி, மறதி” என்கிறேன். இன்னும் கை தட்டுகிறார்கள்.

அப்போது கண்ணாடி போட்ட ஒரு புரொபசர் எழுந்தார். நல்ல மனுஷர், அவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. “அம்மா, தண்ணி எத்தனை நாள் எவ்வளவு நின்னுச்சு, ஏதாவது பதிவு இருக்கா?” என்றார். வைதேகி நோட்டைத் தேடுகிறாள். நோட்டு காலி, நான்தான் எழுதவில்லையே. மடியிலிருந்து ஜெபமாலையை எடுத்தேன். முதல் மணி, அஞ்சடி நாலங்குலம். ரெண்டாம் மணி, அஞ்சடி மூணே முக்கால். மூணாம் மணி, அஞ்சடி மூணரை. பத்தாம் மணி, அன்றைக்கு இடியோடு மழை, அரை அடி ஏறியது. இப்படி நாற்பத்தோரு மணியும் நிற்காமல் சொன்னேன். புரொபசர் கடகடவென்று எழுதிக்கொண்டே வந்தார். முடிந்ததும் எல்லோருடைய வாயும் திறந்திருந்தது. பெனடிக்டுக்கு எல்லோரையும்விடப் பெரிதாக.

வெளியே வந்ததும் அவன் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனான்.  இதோ சொல்லப்போகிறான், திருப்பூர் என்று.

“நாப்பத்தோரு நாளு அளவு தலைகீழா ஞாபகம் இருக்கு. கிடை சொன்னதை மட்டும் மறந்துபோனியாக்கும்? யாருகிட்டம்மா கதை விடுற?”

“சத்தியமா மறந்துதாண்டா போனேன்.”

“சாமியாரு ஏதாவது சொல்லியிருப்பாரு, பெருமை வரக் கூடாதுன்னு. எனக்குத் தெரியாதா உன்னை?”

“அந்தோணியார் மேல ஆணையாடா!”

“ஆணையெல்லாம் வைக்காதே, பாவம்” என்கிறான் என்னிடம்! “நீ ஊருலயே இரும்மா. நான்தான் உன்னைத் தப்பா நெனச்சுட்டேன். உனக்கு என்னைவிட நல்லா ஞாபகம் இருக்கு.”

இதற்கு மேல் நான் என்ன செய்ய? சாமியாரிடம் சொல்லியாச்சு, மைக்கில் சொல்லியாச்சு, மகனிடம் சொல்லியாச்சு. நம்பாதது அவர்கள் பாடு. பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் வரும்போது எனக்கு வந்த சிரிப்பில் ஆட்டோக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

ஆனால் ஒன்று. இந்த பஸ்ஸில் என்னை ஏற்றி, ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, “பத்திரம்மா” என்று சொல்லிவிட்டு இறங்கினான். இறங்கினவன் தோளைத் தடவிப் பார்க்கிறான், பஸ்ஸுக்குள் எட்டிப் பார்க்கிறான். பையைக் காலேஜிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டானாம். திருப்பூர் டிக்கெட், வீட்டுச் சாவி, போன் சார்ஜர் எல்லாம் அதில்தானாம். தலையில் அடித்துக்கொண்டு ஓடினான். நானாக ஒரு வார்த்தை சொல்லவில்லை தாயி, பெற்றவள் இல்லையா. முப்பத்தாறு வயதுதான் ஆகிறது, அதற்குள் பார்.

அந்த ஊரில் காற்று கிடையாது, வேளைக்குச் சோறு கிடையாது, மூளை எப்படி இருக்கும்? ஒரு மாதம் விட்டுப் பார்க்கப்போகிறேன். இன்னொரு தடவை எதையாவது தொலைத்தான் என்று மருமகள் போனில் சொல்லட்டும், நேரே போய்க் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். அவனைத் தனியாக அங்கே விட்டுவைக்க எனக்குப் பயமாக இருக்கிறது.